டாப்பைத் துண்டு துண்டாகத் தைத்துக் கொடுத்த பாய்க்கு

மதிப்பிற்குரிய பாய் அவர்களுக்கு,

நேரில் வந்து நன்றி சொன்னால், "இதுக்கெல்லாம் எதுக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்கக் குனிந்துவிடுவீர்கள். போன தடவை அப்படித்தான் ஆனது. அதனால்தான் நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேன். பெயரும் கடைத் தெருவும் வேண்டாம் என்றீர்கள், இரண்டையும் போடவில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அம்மா என் ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்து போடிமெட்டு ஏறினாள். தலைக்கு மேல் துணி இல்லை. இரண்டு பக்கமும் திரை இல்லை, பின்னாலும் இல்லை. நீங்கள் தைத்த டாப்பில் எதைக் கழற்றலாமோ அத்தனையையும் கழற்றியிருந்தேன். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியது அந்த ஒரு காலைக்காகத்தான். ஆனால் அது ஏன் அவ்வளவு பெரிய காலை என்பது விளங்க வேண்டுமென்றால் அம்மா அதுவரை எப்படி மலை ஏறினாள் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் அம்மா இருபத்தேழு வருடம் வேலை பார்த்தாள். காய் எடுப்பு, களை, உரம் எல்லாம். விடிவதற்கு முன்னால் சோத்துத் தூக்கோடு தெருமுனைக்குப் போய் நிற்பாள். ஜீப் வரும். பின்பக்கத்தில் எதிரெதிராக இரண்டு நீளப் பலகை, நடுவில் கால் வைக்கும் இடத்திலும் ஆட்கள். பதினைந்து பேருக்குக் குறைந்து அந்த வண்டி கிளம்பி நான் பார்த்ததில்லை. குளிருக்கும் சாரலுக்கும் பக்கத் திரைகளை இழுத்துக் கட்டியிருப்பார்கள், பின் படுதாவைக் கயிற்றால் இறுக்கியிருப்பார்கள். போடியிலிருந்து முந்தல், முந்தலிலிருந்து மலைப்பாதை, பதினேழு கொண்டை ஊசி வளைவுகள், நாலாயிரம் அடிக்கு மேல் போடிமெட்டு, அதைத் தாண்டித் தோண்டிமலை, பூப்பாறை. இத்தனையும் அம்மாவுக்கு இருட்டுக்குள்தான் நடந்தது. வளைவு வலப்பக்கமா இடப்பக்கமா என்பது, எதிர்ப் பலகைக்காரி தன் மடியில் வந்து விழுகிறாளா, தான் அவள் மடியில் போய் விழுகிறோமா என்பதை வைத்துத்தான் அவளுக்குத் தெரியும். திரும்பி வரும்போது படுதா விலகியிருந்தால், பின்னால் ஓடி மறையும் ரோடு கொஞ்சம் தெரியும். இருபத்தேழு வருடம் தினமும் ஏறி இறங்கிய மலையின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

எனக்கும் அது உறைத்ததில்லை, பாய். நான்கு வருடத்துக்கு முன் அந்தப் பழைய எம்.எம்.540 ஜீப்பை வாங்கியதே கொட்டகுடிப் பக்கத்துத் தோட்டத்துக்கு. இலவம் நெற்று இறக்க வேண்டும், எலுமிச்சை மூட்டை ஏற்ற வேண்டும், மழை பெய்தால் வேறு வண்டி அந்தத் தடத்தில் ஏறாது. என்ஜின் நன்றாக இருந்தது. பெஜோவிடம் உரிமம் வாங்கி மகேந்திரா செய்த 2.1 லிட்டர் டீசல்; சத்தம் அதிகம், பிடிவாதம் அதைவிட அதிகம். ஃபோர் வீல் விழுந்தது. டாப் மட்டும் கந்தல். முன்பு வண்டியை வைத்திருந்தவர் ஒரே துண்டாகத் தைத்துப் போட்ட ரெக்சின், கம்பி உரசிய இடமெல்லாம் கிழிந்து தொங்கியது. ஒரு பட்டறையில், துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்புத் தகட்டில் கூரை அடித்துவிடலாம், ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறோம் என்றார்கள். முன்பணம் கொடுக்கக்கூடத் தயாராக இருந்தேன். அதற்குள் யாரோ சொல்லி உங்கள் கடைக்கு வந்தேன்.

நீங்கள் முதலில் கேட்டது, "ஆர்.சி.யில என்ன போட்டிருக்கு டீச்சர்?" மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு என்று நீங்கள் எண் சொல்லவில்லை. ஆனால் பதிவில் உள்ள அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது, எஃப்.சி.க்குப் போகும்போது அங்கே நிறுத்திவிடுவார்கள் என்று பொறுமையாகச் சொன்னீர்கள். அடுத்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இன்னொன்று கேட்டீர்கள்.

"டாப்பு மழைக்கா, வெயிலுக்கா, பாக்குறதுக்கா?"

மழைக்கும் வெயிலுக்கும் என்றேன். பார்ப்பதற்கு என்றால் அழகாக இருப்பதற்கு என்று நினைத்துக்கொண்டு, அழகு முக்கியமில்லை என்றும் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. "வண்டி அழகா இருக்கறதைச் சொல்லலை. உள்ள இருக்கறவங்க வெளிய பாக்குறதைச் சொல்றேன்" என்றீர்கள். நாற்பது வருடம் வண்டிகளை மூடித் தைத்த ஒருவரிடமிருந்து அந்தக் கேள்வி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு இரும்புக் கூரையைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன், ஜீப்புக்குத் துணிக்கூரை வந்ததற்கு ஏழ்மை காரணமில்லை. 1940-இல் அமெரிக்க ராணுவம் கேட்டது மிக இலேசான, மிகத் தாழ்வான ஒரு வண்டி. முதலில் அவர்கள் விதித்த எடை 1,300 பவுண்டு, நம் கணக்கில் 590 கிலோ. அந்த எடையில் யாராலும் செய்ய முடியவில்லை என்பது வேறு கதை. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் பான்டம் கம்பெனிக்காக வரைந்த முதல் வண்டி 49 நாளில் தயாராகி அந்த செப்டம்பர் 23 அன்று ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தது. துணியைச் சுருட்டி, முன்கண்ணாடிச் சட்டத்தை பானட்டின் மேல் சாய்த்துவிட்டால் வண்டி புதருக்குள் மறைந்துவிடும், நாலா பக்கமும் பார்க்கலாம், எந்தப் பக்கமும் குதிக்கலாம். போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளினார்கள். 1947-இல் மகேந்திரா அந்த வில்லிஸ் வண்டியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்ததுதான் என் வண்டியும். திறப்பதற்காகவே பிறந்த வண்டியைத்தான் நாம் ஊர் ஊராக மூடி வைத்திருக்கிறோம். இந்தக் கதையெல்லாம் படிக்காமலே உங்கள் கை அதைக் கண்டுகொண்டது.

ஒரே துண்டாக இருந்ததை நீங்கள் ஐந்தாகப் பிரித்தீர்கள். டிரைவர் தலைக்கு மேல் ஒரு துண்டு. அது முன்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி, நடு வளைவுக் கம்பிவரை சுருண்டு, இரண்டு வாரில் கட்டிக்கொள்ளும். அதற்குப் பின்னால் நிலையான கூரை. பக்கத் திரை இரண்டு, மேலே ஜிப்பு, கீழே டிக் பட்டன். கடைசியாகப் பின் படுதா. வளைவுக் கம்பி உரசும் இடத்திலெல்லாம் உள்ளே இன்னொரு பட்டைத் துணி வைத்துத் தைத்தீர்கள். "துணி கிழியறது காத்துல இல்ல டீச்சர், கம்பியில" என்றீர்கள். ரெக்சின் வேண்டாம், பருத்திக் கேன்வாஸ் போடலாம் என்றீர்கள். கனம் கூடுதல்தான், ஆனால் மூச்சு விடும் துணி.

வண்டியை எடுக்க வந்த அன்று நீங்கள் எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தீர்கள். நான் இருபது வருடமாகப் பாடம் எடுப்பவள், அதனால் சொல்கிறேன், அது நல்ல பாடம். முதலில் நீங்கள் கழற்றிக் காட்டினீர்கள், பிறகு என்னைக் கழற்ற வைத்தீர்கள், தப்பாகச் செய்தபோது கையைப் பிடிக்காமல் காத்திருந்தீர்கள். கழற்றும்போது பக்கத் திரை முதலில், பின் படுதா அடுத்து, முன் துண்டு கடைசியில். மாட்டும்போது முன்னாலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் முதலில் தளர்வாக மாட்டிவிட்டு, பிறகுதான் இழுத்து இறுக்க வேண்டும். ஒரு மூலையை முழுசாக இறுக்கிவிட்டால் எதிர் மூலை பட்டனுக்கு எட்டாது. ஜிப்புப் பல்லில் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டும். திரையில் உள்ள பிளாஸ்டிக் கண்ணாடியில் புழுதி இருக்கும்போது துடைக்கவே கூடாது, தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் துணி படவேண்டும். மடிக்கக் கூடாது, நடுவில் பழைய வேட்டி வைத்துச் சுருட்ட வேண்டும்.

புதுத் துணி முதல் மழையில் ஒழுகும், பயப்படாதீர்கள் என்றும் சொன்னீர்கள். பருத்தி நூல் நனைந்தால் பருக்கும், பருத்தால் நெசவின் கண்ணும் ஊசித் துளையும் அடைபடும், இரண்டு மூன்று தடவை நனைந்து காய்ந்தால் டாப் பதமாகிவிடும். அப்படி நனைந்திருக்கும்போது உள்ளேயிருந்து விரலால் தொட்டால் தொட்ட இடத்தில் தண்ணீர் இறங்கும். இதை வீட்டில் வந்து சொன்னபோது அம்மா, "இது தெரியாதாக்கும்" என்றாள். ஐப்பசி மழையில் ஜீப்புக்குள் யாராவது தெரியாமல் துணியைத் தொட்டுவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து வைவார்களாம், தொட்ட இடத்திலிருந்து பூப்பாறை வரைக்கும் ஒருத்தியின் தலையில் சொட்டுமாம். உங்கள் தொழில் ரகசியம் ஒன்று ஏலத்தோட்டத்துப் பெண்களுக்கு வெகுநாளாகத் தெரிந்திருக்கிறது, பாய்.

நீங்கள் எச்சரித்தும் நான் கேட்காத விஷயம் ஒன்று உண்டு. காற்று வேண்டுமென்று பின் படுதாவை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டினேன். குரங்கணி ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் வண்டிக்குள் புழுதி மண்டியது, டீசல் புகை நெஞ்சை அடைத்தது. வண்டி காற்றைப் பிளந்துகொண்டு முன்னே போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. கிளம்பிய புழுதியும் சைலன்சர் புகையும் அந்த இடத்துக்குத்தான் வந்து சேரும், திறந்த வாசல் ஒன்று மட்டும் பின்னால் இருந்தால் அதன் வழியாக உள்ளே வந்துவிடும். பக்கத் திரைகளையும் கழற்றினால் காற்று முன்னே நுழைந்து பின்னே வெளியேறிவிடும். பக்கத்தில் ஒன்றை மட்டும் திறந்தாலோ காதுக்குள் தும் தும் என்று அடிக்கும், காலி பாட்டிலின் வாயில் ஊதுவதுபோல. இன்னொரு பக்கத்தையும் திறந்த நொடியே அது நின்றுவிடும். "திறந்தா ரெண்டு வழி திறக்கணும், வர ஒண்ணு, போக ஒண்ணு" என்று நீங்கள் சொன்னதை அன்றைக்குப் புழுதி துப்பிக்கொண்டே புரிந்துகொண்டேன். எட்டாம் வகுப்பில் காற்றழுத்தம் நடத்தும்போது இப்போது இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

முதல் வருடத்திலேயே டாப்பை நான் கெடுத்தேன். ஒரு கார்த்திகை மாலையில் நனைந்த பக்கத் திரைகளை அப்படியே சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து எடுத்தால் துணியெல்லாம் கரும்புள்ளி, பூஞ்சை வாடை. அடுத்து மார்கழியில், பூப்பாறைப் பனியில் விறைத்துப்போயிருந்த பிளாஸ்டிக் கண்ணாடியை அவசரமாகச் சுருட்ட, அது அப்பளம்போல் நொறுங்கியது. இரண்டையும் எடுத்துக்கொண்டு தலைகுனிந்து உங்கள் கடைக்கு வந்தேன். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. பூஞ்சை பிடித்ததை எப்படிப் பதமாகத் தேய்த்து வெயிலில் போடுவது என்று காட்டினீர்கள். புதுக் கண்ணாடி வைத்துத் தைத்துவிட்டு, "குளுருல அதை அரை மணி வெயில்ல விடுங்க, அதுவே இளகும். அது மனசு வச்சுத்தான் மடியணும்" என்றீர்கள். தையல் கூலி மட்டும் வாங்கினீர்கள்.

அதற்குப் பிறகு டாப்பை மாதம் பார்த்து மாற்றக் கற்றுக்கொண்டேன். சித்திரையில் தலைக்கு மேல் துணி வேண்டும், பக்கங்கள் வேண்டாம். நிழலில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டு போகலாம். ஆடியில் தேனிப் பக்கத்துக் காற்று சாதாரணக் காற்றில்லை, ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்று. அப்போது ஒரு வார் தளர்ந்திருந்தாலும் துணி படபடத்துக் கிழிந்துவிடும், எல்லாவற்றையும் இறுக்கிக் கட்டிவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் முழுசாக மூடல். தை, மாசியில்தான் எல்லாம் திறக்கும்.

திறந்து ஓட்டும்போது நான் முதலில் கவனித்தது காட்சியை அல்ல, சத்தத்தை. வளைவுக்கு அந்தப் பக்கம் லாரி கியர் மாற்றும் சத்தம் ஹாரனுக்கு முன்பே கேட்டுவிடுகிறது. துணி மூடியிருந்தால் அது கேட்பதில்லை, துணி அடித்துக்கொள்ளும் சத்தம்தான் கேட்கும். அப்புறம் வாசனை. ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் புகைவாடையைத் தாண்டி நான்கைந்து வளைவு ஏறினால் ஈரப் பாறையின் மணம். காற்று முகத்தில் அடிப்பதைவிடப் பிடரியில்தான் அதிகம் அடிக்கும், கண்ணாடியைத் தாண்டிப் போனது பின்னாலிருந்து சுருண்டு திரும்பி வரும். தலைக்குத் துண்டு கட்டாமல் ஓட்ட முடியாது. நாற்பதுக்கு மேல் போகவும் தேவையில்லை. "துணி இருந்தாலும் இல்லாட்டியும் அது உயிரைக் காப்பாத்தாது, பெல்ட்டுதான் காப்பாத்தும்" என்று சொல்லி, முன்சீட்டு இரண்டுக்கும் பெல்ட் மாட்டிவிட்டு வரச்சொன்ன பிறகுதான் நீங்கள் டாப்பையே கொடுத்தீர்கள். அதற்குத் தனியாக ஒரு நன்றி.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. அம்மா வருவதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. "அந்த ரோட்டுல எனக்கு என்ன இருக்கு பாக்க? போய்ப் போய்ச் சலிச்ச ரோடு" என்றாள். வற்புறுத்தித்தான் ஏற்றினேன். முந்தல் செக்போஸ்ட் தாண்டியபோது விடிந்துகொண்டிருந்தது. பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசாமல் வந்தாள். புலியூத்துப் பக்கம் வந்ததும் மலையை அண்ணாந்து பார்த்தாள். நிமிர்ந்த தலை பிறகு குனியவில்லை. மேலே துணி இருந்தால் அந்த மலையின் உச்சி யாருக்குமே தெரியாது, பாய். முன்சீட்டில் இருந்தாலும் தெரியாது.

பாதி மலையில் திடீரென்று கண்ணை மூடிக்கொண்டாள். தலை சுற்றுகிறதோ என்று வண்டியை ஒதுக்கப் போனேன். "ஓட்டு, ஓட்டு" என்றாள். வளைவு வந்தது, அவள் உடம்பு தானாக ஒரு பக்கம் சாய்ந்து கொடுத்தது. "இது ஒம்பது" என்றாள். அடுத்ததில் "பத்து". ஓரத்துப் பலகையைப் பார்த்தேன், பத்துதான். கண்ணை மூடியபடியே பன்னிரண்டு வரை சொன்னாள். பிறகு கண்ணைத் திறந்து, உடம்புக்கு மட்டும் தெரிந்திருந்த அந்த வளைவுகள் வெளியில் எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசி வளைவில் நிறுத்தச் சொன்னாள். கீழே போடி, தென்னந்தோப்புகள், கண்மாய்களில் வெள்ளித் தகடாக வெயில், நாங்கள் ஏறிவந்த ரோடு கிழிந்த நாடாபோல அங்கங்கே. வெகுநேரம் பார்த்துவிட்டு, "இம்புட்டு ஒசரமா நாங்க தினமும் வந்தோம்?" என்றாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

மெட்டில் டீ குடித்துவிட்டுப் பூப்பாறை வரை போனோம். மத்தியானத்துக்கு மேல் திரும்பும்போது வேலை முடிந்து வரும் ஜீப் ஒன்று எங்களுக்கு முன்னால் போனது. நல்ல வெயில், ஆனாலும் பக்கத் திரைகள் காலையில் கட்டிய கட்டிலேயே இருந்தன. பின் வாசலில் இரண்டு பெண்களின் முகம் மட்டும் தெரிந்தது. அம்மா கையை ஆட்டினாள், அவர்களும் ஆட்டினார்கள். "ஏம்மா, நீங்கள்லாம் வெயில் நேரத்துல திரையைச் சுருட்டச் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டேன். அம்மா சொன்னாள்: "கட்டு வெளிய இருக்கும்ல. டிரைவரு எறங்கி அவுக்கணும். வீட்டுக்குப் போற அவசரத்துல யாரு எறங்குவா? உள்ள ஒரு வார் இருந்தா நாங்களே சுருட்டியிருப்போம்."

பாய், என் வண்டியின் டாப்பில் நீங்கள் இரண்டு பக்கமும் வார் வைத்திருக்கிறீர்கள், உள்ளேயும் வெளியேயும். அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த உள்வாரை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அடுத்து எந்தக் கூலி ஜீப் டாப் மாற்ற உங்கள் கடைக்கு வந்தாலும், பக்கத் திரைகளுக்கு உள்பக்கத்திலும் வார் வைத்துத் தையுங்கள். உட்கார்ந்தபடியே கை எட்டும் உயரத்தில் வையுங்கள், அம்மா அதையும் சொல்லச் சொன்னாள். வண்டிக்காரர் வேண்டாம் என்றால் துணிக்கும் பக்கிளுக்கும் தையல் கூலிக்கும் ஆகிற பணத்தை என் கணக்கில் எழுதிவையுங்கள். மாதக் கடைசியில் வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
எம்.எம்.540 டீச்சர்